ஐஸ் உடைக்காத வருடம்

சுவிசேஷமுத்துவுக்கு ஐஸ் மேல் கோபம் என்றால் அப்படியொரு கோபம். அமெரிக்காவில் பிஸ்கட்டவே பக்கத்து ஊர்களின் தண்ணீர்த் தொட்டிகளைத் துருப்பிடிக்காமல் காப்பது அவன் வேலை. கூரையிலிருந்து தண்ணீருக்குள் உலோகக் கம்பிகளைத் தொங்கவிட்டு லேசாக மின்சாரம் கொடுத்தால் இரும்பைத் துரு தொடாது. குளிர்காலம் வந்ததும் மேல்தண்ணீர் உறைந்து, கம்பிகளைக் கவ்விப் பிய்த்துப் போட்டுவிடும். ஏப்ரல், மே முழுக்க மறுபடி கட்ட வேண்டும். ஒருத்தனுக்கும் லீவு கிடையாது.

இந்த 1987 ஏப்ரலில் அவனுக்கு லீவு வேண்டும். ஐந்து மாத கர்ப்பிணியான மனைவி ஜெயலீலாவைச் சொந்த ஊரான நாசரேத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன், பெற்ற மகளை ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறான். ஊர் போய்வர வழிவிடும் கிரீன் கார்டு பிப்ரவரியில்தான் வந்தது. அப்பா வந்துதான் ஞானஸ்நானம், அன்றைக்குத்தான் பெயர் என்று ஜெயலீலா ஒற்றைக்காலில் நின்றதால், இரண்டு வயதாகப் போகிற பிள்ளை இன்னும் வெறும் பாப்பாதான். வேதக்கோயில் பாதிரி ஐயர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அந்தப் பிள்ளையை ஒருதரம் தூக்கிவிட மாட்டோமா என்று இவன் இங்கே ஏங்கிச் செத்தான்.

அந்த ஏக்கத்தில்தான் மூளை வேலை செய்தது. கூரையிலிருந்து தொங்கினால்தானே ஐஸ் பிடிக்கும்? போன அக்டோபரில் தன் பொறுப்பிலிருந்த பன்னிரண்டு தொட்டிகளையும் காலி செய்து, கம்பிகளை அடித்தளத்தோடு கட்டி, மிதவை கோத்து, ஐஸ் எட்டாத ஆழத்தில் நிறுத்தினான். மார்ச் கடைசியில் ஏணியேறி மீட்டர் வைத்துப் பார்த்தால், ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டுமே! அன்றே டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தான்.

முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். கம்பெனியின் மற்ற நாற்பது தொட்டிகளையும் அடுத்த குளிருக்குள் இப்படியே மாற்ற வேண்டும், உன்னை விட்டால் ஆளில்லை, டிசம்பரில் ஊருக்குப் போ என்றார். வேலையை உதறினால், அவன் சம்பளத்தைக் காட்டிக் கேட்டிருக்கும் ஜெயலீலாவின் விசாவுக்கும் வேட்டு.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லா டிசைன் பண்ணே, போ," என்றான் கூட வேலை பார்க்கும் ஜம்புநாதன்.

ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷமுத்து ஃபோனில் ஜெயலீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"டிசம்பர்ல வேற ஒண்ணு வரும் அத்தான்," என்றாள் ஜெயலீலா. குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "ஞானஸ்நானத்த ஈஸ்டருக்கே வச்சிருதோம். ஐயர்ட்ட என்ன பேரு சொல்ல?"

"ஜெபராணி."

லைன் சரியில்லை. மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ரிசீவரைத் தள்ளிப் பிடித்து, "ஏட்டி ஜெபராணி, இங்க வா, அப்பா பேசுதாவ," என்று கூப்பிட்டது கேட்டது.

பிள்ளை வரவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டது.

"பாப்பான்னே கூப்பிடு லீலா," என்றான். "அந்தப் பேரை நான் வந்து கூப்பிட்டுக்கிடுதேன்."