கழுவிக் காயவைத்தவை

லூசியன் தயிர்க் கிண்ணத்தை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது முன்னறைக் கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"லேபிள உரிச்சியா?"

"உரிச்சாச்சு."

"பசை?"

"அதுவும் போயிடுச்சு. எந்திரிச்சு வந்து நக்கிப் பாக்குறியா?"

ஒடெட் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. மூன்று நாளில் அவள் வயிற்றுக்குள் போனது அந்தத் தயிரில் நாலு கரண்டி. நுரையீரல் முழுக்கப் புற்று. இந்த வாரம் தாண்டாது என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள். உயிர் போகிற நேரத்தில் பசையைப் பற்றிக் கவலைப்பட ஒடெட்டால்தான் முடியும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருந்த அந்தச் சின்ன ஊரில் முப்பது வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அங்கே குப்பை வண்டி கிடையாது. சனிக்கிழமை ஆளாளுக்குக் குப்பையைக் காரில் ஏற்றி ஊராட்சிக் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே மறுசுழற்சிக்கென்று கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம், காகிதம் என நாலு பெட்டி. கழுவாத ஜாடியோடு வர எவருக்கும் துணிச்சல் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளைக் கிடங்குக்கு அழைத்துவந்து, "நீங்க கழுவுற பாட்டில் மறுபடி பாட்டிலாவே பொறந்து வரும்" என்பாள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லூசியன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான்.

ஆறு வருடமாக அந்த நாலு பெட்டியும் ஒரே குப்பைமேட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மறுசுழற்சிக்கு அவற்றை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி கைவிரித்துவிட்டது. "பெட்டிய எடுத்துட்டா ஜனங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிடும். நல்ல காலம் வரட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்றார்கள் ஊராட்சிக்காரர்கள். கிடங்கு மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் லூசியன் தன் கையாலேயே எல்லாவற்றையும் ஒரே லாரியில் கவிழ்த்தான். விரல்கள் வாதத்தில் கோணிப்போன பிறகும் ஒடெட் ஜாடி ஜாடியாகச் சுரண்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அவன்.

அன்று காலை பாதிரியார் வந்து அவளுக்கு எண்ணெய் பூசி, "மனசுல ஏதாச்சும் பாரம் இருந்தா இறக்கி வெச்சிடும்மா" என்றார்.

"எனக்கென்ன பாரம் ஃபாதர், இந்த ஆளு ஒருத்தன்தான்" என்றாள் ஒடெட்.

அவர் போய்விட்டார். அவர் சொன்ன வார்த்தை லூசியனைப் பிடித்துக்கொண்டது. மருந்து அவளுக்கு, எடுத்துக் குடித்தவன் இவன்.

கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"ஒடெட், ஒண்ணு சொல்லணும். திட்டாதே."

"மூச்சு இருந்தாத்தானே திட்டறதுக்கு."

சொன்னான். லாரி, குப்பைமேடு, ஊராட்சி, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அந்தச் சுகத்தில் அவள் முகத்தைப் பார்க்க மறந்துபோனான்.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷமாச்சு."

அவள் கண் மேற்கூரைக்குப் போனது.

"பிள்ளைங்ககிட்டச் சொன்னேனே, லூசியன்."

"காய்கறித் தோலு, முட்டை ஓடு எதுவும் வீணாப் போகல" என்றான் அவசரமாக. "நம்ம கொல்லையில இருக்கிற உரக்குழி நிஜம்தானே? தக்காளி எப்படிக் காய்ச்சுது போன வருஷம்!"

ஒடெட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். போர்வையை இழுத்துவிடட்டுமா என்று கேட்டான். வாயைத் திறந்தது தப்பு என்று புரிந்தபோது, அதை மறுபடி மூட வழியில்லாமல் இருந்தது.

சாயங்காலம் போர்ட்லாந்திலிருந்து மகள் நடீன் வந்து சேர்ந்தாள். ஒடெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பேசவில்லை. லூசியன் பக்கம் திரும்பவேயில்லை. மறுநாள் மதியம், பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த வேளையில், அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னா?" என்று அழுதபடியே கேட்டாள் நடீன்.

லூசியன் பாத்திரம் உலர்த்தும் தட்டைப் பார்த்தான்.

"லேபிள உரிச்சியான்னு கேட்டா."

நடீனுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பாதிரியாரிடம் சொன்னாள். அவர் அடக்கப் பூசையில் சொல்ல, கோயிலே சிரித்து அழுதது. முன் வரிசையில் லூசியன் கையிலிருந்த தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம்தான், அதைவிட வெட்கம்.

சனிக்கிழமை வேலைக்குப் போனான். வேண்டாம் என்று நடீன் தடுத்தும் கேட்கவில்லை. கிடங்கு வாசலில் என்றும் இல்லாத வரிசை. கார்கள் சாலைவரை நின்றன. ஒடெட்டிடம் படித்த செலஸ்ட், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அட்டைப்பெட்டி நிறைய ஜாடிகளோடு முதலில் வந்தாள். அத்தனையும் பளிச்சென்று இருந்தன.

"நிலவறையில கிடந்த பழசையெல்லாம் ராவெல்லாம் உக்காந்து கழுவினோம். டீச்சருக்காக. பாருங்க, ஒரு பொட்டுப் பசை இருக்கா?"

லூசியன் ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இல்லை.

"எதுல போடணும், சொல்லுங்க லூசியன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். வாய் ஒருமுறை திறந்தது.

"மூடியக் கழட்டிட்டுப் போடு" என்றான். "மூடி தகரத்துக்கு."

அவள் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டி, மூடிகளை வாங்கிக்கொண்டிருந்தான்.