வெள்ளையடிக்காத தீபம்

திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருஷம் முழுக்கச் சுவர் எந்தக் கோலத்தில் கிடந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, செங்கல்லெல்லாம் ஊறிப்போய் நிற்கும்போதுதான் திடீரென்று நினைவு வரும், தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்களே என்று. உடனே வெள்ளையடிக்க ஆளைத் தேடித் தெருத்தெருவாக அலைவார்கள். ஈரச் சுவரின் மேல் சாயத்தை அப்பினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. தீபத்தன்று வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேங்கிக்காலில் பொன்னியின் வீட்டிலும் அதே கதைதான். அவள் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். புருஷன் ராஜேந்திரன் பஸ் கண்டக்டராக இருந்து செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனவர். தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தீபத்துக்கு நாலு நாள் முன்னால் மூலைப் படுக்கையறைக்குச் சந்தன நிற டிஸ்டெம்பர் அடித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ரோஸ். அதற்கும் முந்தின வருஷம் பச்சை. மூன்று நிறத்தையும் தின்றுவிட்டு அந்தச் சுவரில் கறுப்புப் பூசணம் மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது.

அந்த வருஷமும் தீபத்தன்று காலையிலேயே பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. சாயங்காலம் மலையில் தீபம் ஏறியதும் மொட்டை மாடியில் வீடே கூடி நின்று "அரோகரா" என்று கத்தியது. கீழே அந்த அறையில், பொன்னியின் மடியில், எட்டு வயது எழில் மூச்சு விட முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் இரண்டும் ஏறி இறங்கின. வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்வரை பொன்னிக்கும் மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் தங்கம்மாள் பேசினாள். அவள் ராஜேந்திரனின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் நிலம் நீச்சு உண்டு, பிள்ளை இல்லை. எழில்தான் அவளுக்கு எல்லாம்.

"இந்த ரூமுக்குள்ள நொழைஞ்சாலே எனக்கே மூக்கு அடைக்குது. கொழந்தைக்கு எப்புடி இருக்கும்? நான் கூட்டிட்டுப் போறேன், பொன்னி. அடுத்த தீபத்துக்குக் கூட்டியாறேன். மூணு நாள் இதே ரூம்ல படுக்கட்டும். இழுப்பு வரலன்னா உங்கிட்டயே விட்டுட்டுப் போறேன். வந்துச்சுன்னா அவ எங்கூடத்தான். அப்புறம் பேச்சே கெடையாது."

பொன்னிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இருப்பது மூன்றே அறை, எந்த மூலையில் படுத்தாலும் அந்த நாற்றம் தேடி வந்தது. எழில் கீழ்பென்னாத்தூருக்குப் போன ஒரே வாரத்தில் இழுப்பு நின்றுவிட்டது என்று சேதி வந்தது. பெற்றவளுக்கு அதைவிட நல்ல சேதி இல்லை, அதைவிட வலித்த சேதியும் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்தார்கள்.

பங்குனி வந்தது. வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. துவைத்த துணி பிழிவதற்குள் காய்ந்தது. அந்தச் சுவர் மட்டும் ஈரமாகவே இருந்தது. கையை வைத்தால் சில்லென்றது. இத்தனை வருஷமாக எல்லோரும் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குனியில் ஏது மழை என்று பொன்னிக்கு முதல் தடவையாக உறைத்தது.

ஆபீஸில் அவள் டைப்ரைட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் உண்டு. ஒருநாள் மிஷினை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவசரத்தில் கவரை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் பார்த்தால் கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது, வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் ஒரு பிளாஸ்டிக் பேப்பரை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு அந்தச் சுவரில் ஒட்டினாள். அறைக்குள் இருக்கும் ஈரம் சுவரில் படிகிறது என்றால் பேப்பரின் அறையைப் பார்த்த வெளிப்பக்கம் வேர்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தாள். தண்ணீர் அத்தனையும் சுவர்ப் பக்கத்தில் நின்றது.

ஆக, சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

அந்தப் பக்கம் இருந்தது தண்ணீர்த் தொட்டி. தொண்ணூற்றேழில் வாஸ்து பார்க்கிற பலராமன் வந்து, வாசல் பக்கம் இருந்த தொட்டியை மூடச்சொல்லி, ஈசானிய மூலையில் புதிதாகத் தரைக்கடியில் கட்டச் சொன்னார். கட்டி முடித்த ஆறாம் மாதம் ராஜேந்திரனுக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம் வந்தது. அன்றிலிருந்து அந்தத் தொட்டி மூடிக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம். அதை ஒரு வார்த்தை குறை சொன்னால் அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

அதனால் பொன்னி குறை ஏதும் சொல்லவில்லை. சனிக்கிழமை தொட்டி நிறைந்ததும் குழாயை அடைத்து, மோட்டாரை நிறுத்தி, ஒரு மூங்கில் குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தில் கரியால் கோடு போட்டாள். தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கிப் புழங்கினாள். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே கிடந்தது.

அப்புறம் அவள் செய்த காரியத்தைத் தெருவே பேசியது. துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் இருக்கிறதே, அதில் ஆறு பாட்டிலைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"உனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? குடிக்கிற தண்ணில போயி..." என்று ராஜேந்திரன் குதித்தார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோங்க. தண்ணி நான் தூக்கியாறேன்."

ஒரு வாரம் தூக்கினாள். இடுப்பு ஒடிந்தது. ஐந்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாளும் இல்லை. எதிர்வீட்டுக்காரி, "பொன்னி, எங்க தொட்டிலயும் கொஞ்சம் நீலம் போடேன், மேலுக்கு ஊத்திக்கிட்டாவது வெளுப்பாயிக்கிறேன்" என்று கேலி செய்தாள். எட்டாம் நாள் காலையில் அறையைக் கூட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தன நிறச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு மங்கலாக நீலம் பூத்திருந்தது.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த ராஜேந்திரன் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

தொட்டி கட்டிய மேஸ்திரி சின்னசாமியை அன்றே வரவழைத்தாள். அவர் நீலத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மேஸ்திரி, இந்தத் தொட்டிக்கு எத்தினி செவுரு கட்டுனீங்க?"

"மூணும்மா."

"தொட்டின்னா நாலு இல்லியா?"

"நாலாவது எதுக்கும்மா தண்டமா? அதான் வீட்டு செவுரு இருக்குதே. அஸ்திவாரத்துப் பேஸ்மட்டத்து மேலயே பூச்சு பூசி உட்டுட்டேன். எடம் வேற கம்மி. ஈசானியத்துல ஒட்டுனாப்ல இருக்கட்டும்னு ஐயாவும் சொன்னாரு."

ஐயா ராஜேந்திரன் ஜன்னல் வழியாக வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சுவரையே தொட்டிச் சுவராக வைத்து மூன்று வருஷமாகத் தண்ணீரை நிரப்பி, அது உறிஞ்சி உறிஞ்சி மேலே ஏற்றியதை வருஷத்துக்கொரு நிறத்தால் மூடியிருக்கிறார்கள். இதற்குத்தான் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தது, படிகாரம் கட்டியது எல்லாம். பொன்னிக்குச் சிரிப்பும் வந்தது, எழில் இல்லாத கட்டிலைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

"தொட்டிய இடிக்கணும்" என்றாள்.

"பொன்னி, அது ஈசானியம். அது வந்தப்பறம்தான் எனக்குப் ப்ரொமோஷனே..."

"ப்ரொமோஷன் உங்களுக்கு, பூசணம் எம் பொண்ணுக்கா?"

ராஜேந்திரன் கட்டிலில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். பயந்த மனுஷன். எழிலின் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "பலராமன் ஐயாவ ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார்.

பலராமனிடம் பொன்னியே பேசினாள். "ஈசானியத்துல தண்ணி இருக்கணும்னுதானே சொன்னீங்க? செவுத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லலியே?" என்று கேட்டாள். அவர், வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளிக் காம்பவுண்டை ஒட்டிக் கட்டினாலும் அது ஈசானியம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

சித்திரையில் வேலை தொடங்கியது. காம்பவுண்டு ஓரம் நாலு சுவர் வைத்துப் புதுத் தொட்டி எழும்பியது. நாலையும் பொன்னி விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் சின்னசாமிக்குக் காபி கொடுத்தாள். பழைய தொட்டியைக் காலி செய்து, பேஸ்மட்டத்தைக் காயவிட்டு, தண்ணீர் இறங்காத பூச்சு பூசி, பள்ளத்தை மண் போட்டு இறுக்கினார்கள். மேலே சிமெண்டுத் தளத்தை வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிட்டார்கள்.

உள்சுவரை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. லீவு போட்டுவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுத்தியும் உளியுமாகத் தானே இறங்கினாள். சந்தனம் உதிர்ந்தது, ரோஸ் உதிர்ந்தது, பச்சை உதிர்ந்தது. கடைசியில் ஊறிப்போன பூச்சு கொத்துக் கொத்தாக விழுந்து செங்கல் தெரிந்தது. மூன்று வருஷக் கோபம் அது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு விழுந்தது.

அந்தக் கத்திரி வெயிலில் ஒருநாள் தங்கம்மாள் பலாப்பழத்தோடு வந்து நின்றாள். தலையெல்லாம் தூசியும், கையெல்லாம் கொப்புளமுமாக நின்ற பொன்னியைப் பார்த்தாள். குவிந்து கிடந்த பூச்சைப் பார்த்தாள். பழத்தை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். ஜூனில் எழில் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்தாள்.

வைகாசி, ஆனி, ஆடி என்று மூன்று மாதம் செங்கல்லை வெறுமனே காயப் போட்டாள். ஆடிக் காற்றுக்கு ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். ஆவணியில்தான் புதுச் சிமெண்டுப் பூச்சு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள். ஐப்பசி பிறந்ததும் வழக்கம்போல ராஜேந்திரன் டிஸ்டெம்பர் டப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"தை மாசம் வரைக்கும் இந்தச் செவுத்துல பிரஷ் படக்கூடாது. மழைய அது வெறும் உடம்போட பார்க்கட்டும். கறுத்துச்சுன்னா கறுத்தது தெரியட்டும்" என்றாள் பொன்னி.

அந்த வருஷம் மழையும் விடவில்லை. தீபத்துக்கு முந்தின நாள் எழிலின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கம்மாள் நனைந்தபடி வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்ததும் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்து, "தீபமும் அதுவுமா வெள்ளையடிக்காம வெச்சிருக்கியே, நாலு பேரு வர வீடு" என்றாள். பொன்னி ஒரு பிளாஸ்டிக் பேப்பரை அவள் கண் முன்னாலேயே சுவரில் ஒட்டி, "செவுத்துல ஈரம் இருந்தா இது வேர்க்கும்" என்றாள்.

மூன்று நாளும் எழில் அந்த அறையில்தான் படுத்தாள். பக்கத்தில் அத்தை. பொன்னி சமைத்தாள், பரிமாறினாள், விருந்தாளிகளோடு பேசினாள், ஆனால் காது மட்டும் அந்த அறையிலேயே கிடந்தது. ஒரு தும்மல் கேட்டால் கரண்டி நின்றது. தீபத்தன்று மழை சற்றே விட்டது. மலை உச்சியில் தீபம் ஏறியபோது எழில் மாடியில் எல்லோருக்கும் முன்னால் நின்று கத்தினாள். "அரோகரா!" என்று மூச்சு முட்டாமல், ஒரே மூச்சில், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி. பொன்னி மலையைப் பார்க்கவே இல்லை. மகளின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் தங்கம்மாளே போய் அந்தப் பேப்பரை உரித்தாள். உள்பக்கம் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். திருப்பி வெளிப்பக்கமும் துடைத்துப் பார்த்தாள். தலைப்பு காய்ந்தே இருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எழிலின் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

எழிலின் துணிப்பை கட்டிலோரம் அப்படியே இருந்தது. பொன்னி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணி! பைய மறந்துட்டீங்க!"

"மறக்கல" என்றாள் தங்கம்மாள், திரும்பாமல். "அடியில பாரு. துணிக்குக் கீழ."

துணிக்குக் கீழே ஒரு காகிதம் நாலாக மடித்து இருந்தது. எழிலின் பள்ளிக்கூட டி.சி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியது. தேதியைப் பார்த்தாள். தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கியிருந்தது.

"அண்ணி... மூணு நாளு பார்க்கலாம்னு சொன்னீங்களே?"

தங்கம்மாள் தெருவில் நின்று மூக்கை உறிஞ்சினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"கத்திரி வெயில்ல சுத்தியும் கையுமா நின்னியே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போ, போயி கொழந்தைக்கு இட்லி வையி. தையில வெள்ளையடிக்கும்போது சொல்லு, நானும் வரேன்."

பொன்னி டி.சி.யை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பினாள். எழில் அந்தச் சாம்பல் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாள்.