எலோடியை யாருக்கும் தர மனமில்லை

1

ஒளிப்பானேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு பிரெஞ்சுப் பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் தேடி, குழந்தைப் பெயர்களுக்கான இணையதளம் ஒன்றில் மேய்ந்துகொண்டிருந்தபோது 'எலோடி' அகப்பட்டது. பழைய ஜெர்மானியச் சொற்கள் இரண்டு சேர்ந்து வந்த பெயராம். ஒன்றுக்கு 'அயல்' என்று பொருள், மற்றதற்கு 'செல்வம்'. எண்பதுகளின் கடைசியில் பிரான்சில் எங்கு திரும்பினாலும் எலோடி. பிறகு மவுசு குறைந்துவிட்டது. அதுவரை சரி. கடைசியில் ஒரு வரி இருந்தது: "இன்று இது அம்மாக்களின் பெயர். உங்கள் மகளுக்கு வேறு பெயர் பாருங்கள்."

பெயருக்குப் பொருள் சொல்ல வந்த இடத்தில் எதற்கு இந்தச் சிடுசிடுப்பு? எழுதிய ஆளுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு கண். வேறு யாரும் அதைத் தொட்டுவிடக்கூடாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன்.

2

ஆகவே அந்த வரியை எழுதியவளை உண்டாக்கினேன்.

[அவள் ஜன்னலோரம் அமர்ந்து மழையையே பார்த்துக்

வேண்டாம். யார் கதையைத் திறந்தாலும் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.]

பிரான்சில் குடியேறிய தமிழ் வீடு ஒன்றின் சமையலறை மேசையில், மிக்ஸிக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய மடிக்கணினி. ஒரு பெயர் வரும். அது எங்கே பிறந்தது, என்ன பொருள், இப்போது எத்தனை பேர் வைக்கிறார்கள் என்று எழுதி அனுப்பினால் அடுத்த பெயர் வரும். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் பெயர் தேடித் தருகிறவளுக்குக் குழந்தை இல்லை.*

எலோடி வந்த அன்று அவளுக்கு உடனே எழுத வரவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கூப்பிட்டால் உள்ளறையிலிருந்து யாரோ ஓடிவருவதுபோல் இருந்தது. கணவனிடம்கூடச் சொல்லாமல் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சிடுசிடுப்பு வரியைச் சேர்த்து அனுப்பினாள். இனி எந்தத் தாயும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள் என்று ஒரு நிம்மதி.

* இதற்காக உங்களைக் கண்ணீர் விடவைக்க எனக்கு இஷ்டமில்லை. இவள் அழுகிற ரகமல்ல. இவளுக்கு வயிறு எரியும்.

3

இங்கே தங்கை வர வேண்டும். முதலில் அவளைப் பொல்லாதவளாக எழுதினேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. பொல்லாதவள்மேல் பொறாமைப்பட என்ன கஷ்டம்? ஆகவே அக்காமேல் உயிரையே வைத்திருக்கிறவளாக மாற்றினேன். தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. சின்ன வயதில் அக்காவின் சட்டையும் செருப்பும் பழசாகித் தங்கைக்குப் போயின. வளர்ந்தபின் எல்லாமே தங்கைக்கு முதலில் கிடைத்தது. வேலை, வீடு, நேற்று ஒரு பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"அக்கா, பேர் கெடச்சிடுச்சு! எலோடி. எப்படி இருக்கு?"

"அத எங்கேருந்துடி புடிச்ச?"

"நீ எழுதுனதுலேருந்துதான். அம்மாக்கள் பேரு, வேற பாருங்கன்னு போட்டிருந்தியே? அப்போ இவ வகுப்புல இன்னொரு எலோடி இருக்க மாட்டா. எனக்கு அது போதும்."

விரட்டுவதற்காக எழுதிய வரி ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டது. குழந்தை பிறந்த செய்திக்குக்கூட அவளுக்கு இப்படி எரியவில்லை. குழந்தை தங்கையுடையது, சரி. பெயர் தன்னுடையது அல்லவா?

"ரொம்பப் பழசுடி. இப்ப யாரும் வைக்கிறதில்ல."

"அதனாலதான்க்கா வைக்கிறேன்."

"கூப்பிடவே கஷ்டமா இருக்கும்."

"இப்பதான் கூப்பிட்டேன். கண்ணத் தொறந்து பாத்தா."

4

முடிவு ஒன்று: ["அதுக்கு அர்த்தம் நல்லா இல்லடி" என்று அக்கா

முடியவில்லை. பொறாமைக்காரிதான், ஆனால் தொழிலில் பொய் சொல்ல மாட்டாள். அந்த வரிகூடப் பொய்யில்லையே.]

முடிவு இரண்டு: மனம் நிறைந்து வாழ்த்துகிறாள். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவ்வளவு நல்லவர்களோடு எனக்குப் பழக்கமில்லை.

(என் பிரெஞ்சுப் பெண்ணுக்கு இன்னும் பெயர் இல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் தராமல் நானே சுருட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை.)

முடிவு மூன்றை நான் யோசிக்கவில்லை. தங்கைதான் என்னைக் கேட்காமல் பேசிவிட்டாள்.

"ஏன்க்கா பேச மாட்டேங்குற?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ எடுத்து வச்சிருந்தியா? சொல்லு. நான் வேற பேர் பாத்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

இப்படியும் ஒருத்தி பெருந்தன்மையாக இருப்பாளா? அக்காவுக்கு அதற்கும் சேர்த்து எரிகிறது. ஆமாம் என்றால் பெயர் அவளிடமே திரும்பிவிடும். ஆனால் இன்னும் காத்திருக்கிறேன் என்று இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால், அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் தங்கை வீட்டில்தான் ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும்.

போனில் குழந்தை சிணுங்குகிறது. பெயர் கேட்டு வந்த நர்ஸ் அறை வாசலில் நிற்கிறார். என்னால் இதற்கு மேல் ஆகாது. போனை உங்களிடம் தருகிறேன், அக்காவாக நீங்கள் பேசுங்கள். ஆமாமோ இல்லையோ, உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பொறாமையே இல்லாத குரலில் பேசாதீர்கள். பேசுவது அவள் அக்கா இல்லை என்று தங்கை கண்டுபிடித்துவிடுவாள்.