தொடாத கை

...யார் வந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களாம் ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் பிய்ந்த செருப்பை, இதற்கு ஒரு காவல், காவலுக்கு அவள், என்று நினைத்துக்கொண்டே கலைமதி வேப்பமரத்தடி பெஞ்சில் காலை ஆட்டினாள், எதிரே கோ-கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது, ஸ்ரீரங்கத்திலேயே இவளைப் போல வளைந்து ஓட ஆளில்லை என்று போன வருஷம் சொன்ன அதே பி.டி. சார் நல்லதம்பிதான், வகுப்பில் ஒரு தடவை வலிப்பு வந்து அவள் விழுந்ததிலிருந்து, நீ நிழல்ல உக்காரும்மா என்கிறார்... நிழலில் உட்கார்ந்தால் வராதா, வந்ததே நிழலில்தானே, சமூக அறிவியல் பீரியடில், ஃபேனுக்கு நேர் கீழே. கண் விழித்தபோது கையில் பீரோ சாவிக்கொத்து, இரும்பைப் பிடித்ததும்தான் நின்றதாம், ஆளாளுக்கு அதே கதை. மன்னார்புரம் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை, சாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, அது தானா நிக்கும், ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாப் போதும், மாத்திரையை மட்டும் விடாதீங்க, பொண்ணை விளையாட விடுங்க என்றார், அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், டாக்டர் அப்படித்தான் சொல்லுவாரு என்றாள். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று, பாடிக்கிட்டே குளி, சத்தம் நின்னா உள்ள வந்துடுவேன், வாயில் சோப்பு நுரையோடு எவ்வளவு நேரம் பாடுவாள் ஒருத்தி... ஆடிப்பெருக்குக்கு ஊரே அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியில் முங்கி எழுந்தது, அவளுக்கு மட்டும் படியில் உட்கார வைத்துச் சொம்புத் தண்ணீர். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வரவில்லை, அதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

ஜென்சிக்குக் கால் பிசகியது. சனிக்கிழமை துவாக்குடியில் மேட்ச், ஆள் குறைகிறது, சாரின் கண் மைதானத்தைச் சுற்றி வந்து, பெஞ்சைத் தாண்டி, மரத்தைத் தாண்டிப் போனது, மரம்கூட ஓடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவளே எழுந்து போய் முன்னால் நின்றாள். நான் ஓடுறேன் சார். உங்கம்மா என்னைத்தாம்மா கேப்பாங்க. அம்மாகிட்ட கேட்டுட்டேன் சார், உங்க சார் சரின்னா சரின்னாங்க. அவங்க சரின்னா எனக்கும் சரிதான்... இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டால் அவள் எப்போதுதான் ஓடுவது, அவள் நகராமல் நின்றாள், சார் மோவாயைத் தடவினார், ஒரு ரவுண்டு ஓடு, நல்லா ஓடுனா சனிக்கிழமை பஸ்ல ஏறு.

ஓடினாள், உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவே புகுந்து, வளைந்து, கம்பத்தைச் சுற்றி, காது மடலில் காற்று, அடடா, எங்கே போயிருந்தது இவ்வளவு நாளும் இந்தக் கால், துரத்தி வந்த சுபஸ்ரீயால் பிடிக்கவே முடியவில்லை, பிடிக்கவே... ஒரு திருப்பத்தில் பார்த்துவிட்டாள், தோளுக்கு மிக அருகே வந்த கை தொடாமல் பின்வாங்கியது, இன்னொரு கை இறுக்க மூடியிருந்தது. அவள் நின்றாள். ஏண்டி தொடல? தொட்டு நீ விழுந்துட்டா? கையில என்னடி? சைக்கிள் சாவி, யாராவது ஒருத்தர் இரும்பு வெச்சிருக்கணும்ல. டாக்டர் சொன்னதை எத்தனை தடவைடி சொல்றது உனக்கு? சொன்னதான், வெச்சிருந்தா என்ன குறைஞ்சுடப் போவுது? நான் அவுட் ஆகல பாரு, அதான் குறைஞ்சுது, என்றாள் கலைமதி, சாவியைப் பிடுங்கி சாரிடம் கொடுத்துவிட்டு, தோழிதான், ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொள்கிறவள்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல், இப்ப துரத்து, நிஜமாத் துரத்து. சுபஸ்ரீக்கு முகம் சிவந்துவிட்டது. வாடி, பாத்துடலாம்.

இந்த முறை பின்னால் வந்த காலடி வேறு, மூச்சு வேறு, ஓடினாள், வளைந்தாள், கம்பத்தில் திரும்பும்போது முதுகில் ஓர் அறை, அவுட்டு, எலும்பு வரை சுரீரென்றது, அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது... ஆனால் எப்படி மாட்டினாள், அந்தத் திருப்பத்தில் அவளை யாரும் பிடித்ததே கிடையாதே. வகுப்பில் விழுவதற்கு முன் ஒரு வாடை வந்தது, ரப்பர் கருகுகிற மாதிரி, அவள் மட்டும் அறிந்தது, யாரிடமும் சொன்னதில்லை. கம்பத்தருகே அவள் வேகத்தைக் குறைத்திருக்கிறாள், ஓடுகிற ஓட்டத்தில் மூச்சை இழுத்து, அந்த வாடை வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். வந்தது வெறும் புழுதி. அப்படியானால் முதல் ரவுண்டிலும் பார்த்தாளா, இத்தனை மாதமும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாளா, அம்மா இல்லாத இடத்தில், சார் பார்க்காத நேரத்தில்கூட? பரவால்லம்மா, கால் இன்னும் இருக்கு உங்கிட்ட, சனிக்கிழமை வரியா, என்று சார் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் எல்லோரிடமும் மல்லுக்கட்டினாள், வரேன் சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் மூக்கு ஒரு தடவை மெல்ல உறிஞ்சிப் பார்த்துக்கொண்டது.