சரிவே தரை

ஜுனிதா இறந்து பத்து மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு எறிபொருள் கணக்கு நடத்தும் நாட்களில் மட்டும் அவள் குரல் காதில் விழுகிறது.

நாங்கள் ரானாவ் ஊர்ப் பள்ளியில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு, படித்தோம். மாதிரித் தேர்வில் ஒரு கணக்கு. முப்பது பாகைச் சரிவின் அடியிலிருந்து, கிடைமட்டத்துக்கு அறுபது பாகையில், நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் பந்தை மேல்நோக்கி எறிகிறார்கள். சரிவில் எவ்வளவு தூரம் போய் விழும்? நான் இரண்டு பக்கம் எழுதினேன். பக்கத்து மேசையில் ஜுனிதா ஆறு வரி எழுதினாள். புவியீர்ப்பைப் பத்தாக வைத்து இருவருக்கும் வந்த விடை 26.7 மீட்டர்.

கணக்கு ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். திருத்தியவர் வேதியியல் மஜாலாப் சார். ஜுனிதாவின் வழி அவருடைய விடைக்குறிப்பில் இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"எடின், இந்தப் பொண்ணு உன்னைப் பாத்து எழுதிச்சா?"

"தெரியல சார்."

"இவ எழுதினது உனக்குப் புரியுதா?"

"இல்ல சார்."

இரண்டும் உண்மைதான். ஜுனிதாவுக்குப் பூஜ்யம் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவளைக் கலைப் பிரிவுக்கு மாற்றப் போவதாகச் சார் சொல்லிவிட்டார். அன்று திங்கள்.

சிற்றுண்டிச் சாலையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உன்னைப் பாத்து எழுதினேனாம். உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உனக்கே படிக்க வராது."

"அப்ப அந்த ஆறு வரி என்ன?"

"துவாரான் வயல்ல பொறந்தவனுக்கு எல்லாம் தட்டையாத்தான் தெரியும். போடா."

சார் காட்டியபோதே அந்த ஆறு வரியையும் அவள் வரைந்த படத்தையும் நகலெடுத்து வைத்திருந்தேன். புவியீர்ப்பை இரண்டாகப் பிரித்திருந்தாள். கிடையாகப் புவியீர்ப்பு ஏது? மூன்று நாள் முட்டிக்கொண்டேன்.

வியாழன் மாலை பேருந்து பிடித்து, மலைமேல் இருக்கும் அவள் ஊரான குண்டாசாங் போனேன். அவள் வீட்டுத் தோட்டத்தில் அறுவடை. மேலே சாலையில் லாரி. ஜுனிதா கீழே நின்று முட்டைக்கோஸை மேலே எறிய, அவள் அண்ணன் பிடித்து அடுக்கினான். எறியும்போது அவள் தொடுவானத்தைப் பார்க்கவில்லை. சரிவைத்தான் பார்த்தாள். அவளுக்கு அதுதான் தரை.

நகலெடுத்த தாளை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். சரிவு நேரானது. புவியீர்ப்பு சாய்ந்தது. ஆறு வரியும் புரிந்தன.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே மஜாலாப் சார் அறைக்குப் போனேன்.

"நான் சொன்னது தப்பு சார். ஜுனிதாவோட தாளைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

பிடித்தார். தலையையும் சாய்த்தார். ஆறு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு பூஜ்யத்தை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார்.

"ஒரு 'தெரியல'யை மாத்த இவ்வளவு நாளா?" என்று ஜுனிதா கேட்டாள்.

"நாலு நாள்."

"கூட்டல் மட்டும் வருது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் வாங்காமல் தன் மேசையைத் தூக்கி வகுப்பின் மறுகோடியில் போட்டாள்.

"இனி யாரும் சொல்ல முடியாதுல்ல."

இறுதித் தேர்வில் அவள் முதல், நான் இரண்டாவது. எங்களுக்கு நடுவே பதினோரு மேசைகள் இருந்தன.