லாசர் எழுந்த சனிக்கிழமை

"டீச்சர், நம்ம அலமாரியில இருக்கிற கம்ப்யூட்டர் செத்து நாலு வருஷம் ஆவுதே. அத யாரு கூப்புடுவாங்க?"

ஒதியம்பட்டுக் கோயிலின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயது ஆரோக்கிய ஜெனிபர் இப்படிக் கேட்டாள். இறந்து நான்கு நாளான லாசரை ஆண்டவர் கல்லறை வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்த கதையை ஆனி மேரி அப்போதுதான் முடித்திருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனி மேரி சிரிக்கவில்லை. பிள்ளைகளின் கேள்விக்குள் சில நேரம் கடவுள் நமக்கு ஒரு வேலையை வைத்து அனுப்புகிறார் என்பது அவள் நம்பிக்கை.

"பாக்கலாம்டி. நானே கூப்புட்டுப் பாக்குறேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள் அவள். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது அந்தப் பில் திரை ஒன்றுதான்.

பங்குச் சாமியார் டேனியல் தடை சொல்லவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் பழைய இரும்பு வண்டி வருதும்மா. ஒடஞ்ச நாற்காலியோட இதையும் போடச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஓடிச்சின்னா பிள்ளைங்களுக்கே வச்சிக்கலாம்" என்றார்.

கோயில்பிள்ளை தனிஸ்லாஸ் அருகில் நின்றிருந்தார். மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. "இன்னா ஆனி, மாத்திரை குடுத்து எழுப்பப் போறியா?" என்றார்.

"சிரப்புதான் அண்ணே. வயசான கம்ப்யூட்டர் இல்ல?"

புதன்கிழமை வேலை முடிந்ததும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் முத்துக்குமாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பழைய சிஸ்டத்த எடுத்துட்டு லினக்ஸ் போட்டா அது ஓடும்க்கா. கொண்டாங்க, நான் போட்டுத் தரேன்."

"நீ போட்டா நீ கூப்புட்டதா ஆயிடும். நான்தான் கூப்புடுறேன்னு புள்ளைக்குச் சொல்லியிருக்கேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். "ஆன் பண்ண ஒடனே எஃப் பன்னெண்ட விடாம தட்டுங்க. மொழி கேக்கும். தமிழ் இருக்கு."

"தமிழ்ல யாரு எழுதுனாங்க?"

"யாரோ. ஊரு ஊரா உக்காந்து சும்மா செஞ்சு குடுக்குறாங்கக்கா. பேரெல்லாம் தெரியாது."

"பேரு தெரியலன்னா எப்புடி நன்றி சொல்றது?"

"நல்லா இருந்தா நீங்களும் ரெண்டு வரி தமிழ்ல மாத்திக் குடுங்கன்னு அதுலயே ஒரு எடத்துல போட்டிருப்பாங்க. அதான் நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ஜெராக்ஸ் எடுக்கத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோயில் அறையில் கம்ப்யூட்டரைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இரண்டு தடவை பழைய சிஸ்டமே வந்து பாதியில் நின்றது. மூன்றாவது தடவை எஃப் பன்னிரண்டை, மழையில் நனைந்தவன் கதவைத் தட்டுவதுபோலத் தட்டினாள். திரை மாறியது. மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று இருந்தது. அதை அழுத்தியதும் எல்லாம் தமிழானது. 'நிறுவாமலே முயன்று பார்' என்றும் 'நிறுவு' என்றும் இரண்டு வழிகள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல இருந்தது அவளுக்கு. 'நிறுவு' என்பதை அழுத்தினாள்.

மூன்று பக்கம் தாண்டியதும் அந்தக் கை விட்டுப்போனது. ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் கீழே நீளமாக ஓர் ஆங்கில வாக்கியம். அதை மட்டும் யாரும் தமிழாக்கவில்லை. 'தொடர்' என்ற பொத்தான் காத்திருந்தது. மருந்துக் கடையில் எந்தக் கேள்வி வந்தாலும் என்டர் தட்டிப் பழகிய விரல் தானாக நீண்டது.

ஆனால் அந்த வரியில் ஒரு சொல் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் கிடக்கும் ரப்பரின்மேல் 'எரேசர்' என்று அச்சிட்டிருக்குமே, அந்தச் சொல்தான். எரேஸ். அழித்துவிடுவது.

எதை அழிக்கப்போகிறது? அவள் விரலை எடுத்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி, நிறுவாமல் பார்க்கும் வழியில் உள்ளே போனாள். கம்ப்யூட்டரின் பழைய வட்டு திறந்தது. முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளின் படங்கள், பாட்டுத் தாள்கள், கடைசியாக 'கல்லறை' என்று ஒரு கோப்பு.

அதில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, வரிசை, எந்த மரத்துக்கு எத்தனை அடி என்ற குறிப்பு. சிலுவைகூட நட வசதியில்லாதவர்களின் பெயர்கள்தான் பாதிக்குமேல். தனிஸ்லாஸ் வைத்திருந்த கல்லறை நோட்டைக் கரையான் தின்ற பிறகு கல்லறைத் திருநாளில் அந்தப் பெயர்களை யாரும் வாசிப்பதில்லை. மாற்றலாகிப் போன கன்னியாஸ்திரீ செலின் மேரி, அதற்கு முன் ஒருமுறை அந்த நோட்டை ஒரு வாரம் இரவல் வாங்கியது ஊருக்குத் தெரியும். எதற்கு என்று அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அது இதற்குத்தான் என்று ஆனி மேரிக்கு இப்போது புரிந்தது. போனை ஒயரால் இணைத்து, எல்லாக் கோப்புகளையும் அதில் எடுத்துவைத்தாள். இரண்டு தடவை திறந்து சரிபார்த்தாள். பிறகே 'தொடர்' என்பதை அழுத்தினாள்.

கடைசியில் கணினிக்குப் பெயர் கேட்டது. அவளுக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளில் 'லாசர்' என்று தட்டினாள்.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டாள். ஜெனிபரைப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நீலத் திரை வந்து, தமிழில் நல்வரவு சொன்னது.

"எந்திரிச்சிடுச்சி டீச்சர்" என்றாள் ஜெனிபர், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். "ஒளி வந்துச்சு. வேல செய்யுமா?"

ஆனி மேரி கல்லறைக் கோப்பைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கினாள். அவர் விரலை வைத்து வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. 'தனிஸ்லாஸ் மகள், குழந்தை, வேப்பமரத்துக்கு வடக்கே ஆறடி.'

"ஆறடின்னுதான் நானும் சொல்லினு இருந்தேன்" என்றார். "எங்க வூட்ல எட்டடின்னுவா." பிறகு, "கம்ப்யூட்டர யாரும்மா சரி பண்ணது, டவுன்லேருந்து ஆளு வந்தாங்களா?" என்றார்.

"நான்தான் பண்ணேன்" என்றாள் ஆனி மேரி. அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அவளே திகைத்தாள். அதற்காக வெட்கப்படத் தோன்றவில்லை. செய்த நல்லதைச் செய்தேன் என்று சொல்வது பாவமில்லை.

மத்தியானம் பழைய இரும்பு வண்டி ஒடிந்த நாற்காலிகளோடு மட்டும் போனது. சாமியார் மதிய உணவுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரைப் பார்க்கப் பிள்ளைகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனி மேரி தனியாக லாசரின் முன் உட்கார்ந்து, போனிலிருந்து இணையத்தை இணைத்து, முத்துக்குமார் சொன்ன இடத்தைத் தேடினாள். தமிழாக்காத வரிகள் வரிசையாக இருந்தன. மஞ்சள் முக்கோணத்தின் வரியும் அதில் இருந்தது. பக்கத்தில் காலியாக ஒரு பெட்டி.

அகராதியைப் போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, மெல்லத் தட்டினாள்:

'இந்த வட்டில் இருக்கும் எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும். வேண்டியவை இருந்தால் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.'

மொழிபெயர்த்தவர் பெயரைக் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டு 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். பிறகு எழுந்து, பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கப் போனாள்.