நீல இடது, பச்சை வலது

1

இந்தக் கதை என் காலிலிருந்து வந்தது. ஒரு செருப்பு ஜோடியில் வலது அறுந்தது, இன்னொரு ஜோடியில் இடது. மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். இந்த மலையாள ஊரில் என்னைப் பார்த்து யாராவது சிரித்து வெகுநாளாகிறது. அறைக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கழக்கூட்டம் ஊருக்கு அப்பால் ஒரு செருப்புக் கம்பெனியில் மாபெரும் மறுசுழற்சிப் புரட்சி—"

வேண்டாம். புரட்சியெல்லாம் இல்லை. ஜெயகுமார் இருந்தான், அவ்வளவுதான்.

ரப்பர் ஷீட்டை மெஷினில் வைத்துப் பாத வடிவில் வெட்டுகிறவன். தற்காலிக வேலை. "இந்த மாசம் வேஸ்ட் குறையட்டும், உன்னைப் பெர்மனன்ட் ஆக்கிடலாம்" என்று மேனேஜர் ஹரிநாராயணன் சொல்லியிருந்தார்.

[வெட்டியபின் ஷீட்டில் மிஞ்சுவது பாத ஓட்டைகள். ஒரு கூட்டம் நடந்து வெளியே போய்விட்ட மாதிரி இருக்கும். இந்த வரி கதைக்குத் தேவையில்லை. பிடித்திருக்கிறது, கிடக்கட்டும்.]

இடதும் வலதும் கலந்து வெட்டினால் நடுவில் ரப்பர் வீணாகிறது. இடதை மட்டும் வெட்டினால் ஒன்றின் வளைவில் இன்னொன்று ஒட்டி உட்காருகிறது. ஜெயகுமாருக்கு ஒரே குஷி. காலை முழுக்க இடதாகவே வெட்டித் தள்ளினான். மதியம் வலது அச்சை மாட்டிவிட்டு ஷீட் எடுக்கப் போனால், அடுக்கில் பச்சை மட்டும்தான் இருந்தது. அவன் வெட்டியது கடைசி நீல லோடு.

3

பேக்கிங்கில் இருக்கும் பத்மஜா வந்து பார்த்தாள்.

"எந்தா ஜெயண்ணா, ஊருல எல்லாருக்கும் ரெண்டும் இடது காலா?"

"சிரிக்காத. நீலம் இனி வராதாம். எல்லாம் வேஸ்ட்டுன்னு அரைக்கத்தான் போகணும்."

"அப்போ உன் பெர்மனன்ட்டும் சேர்ந்து அரையும், கேட்டியா."

ஜெயகுமாரின் கண்கள் கலங்கி—

(இல்லை. அவன் மெஷினைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.)

"பச்சையில வலது வெட்டு" என்றாள் அவள்.

"பைத்தியமா உனக்கு?"

"வெட்டு அண்ணா. பாக்கலாம்."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மேனேஜர் கத்தி, அவனை வெளியே அனுப்புகிறார். எழுதிவிட்டு எனக்கே பொறுக்கவில்லை. இன்னொன்றில் அந்த ஜோடி ஊரெல்லாம் விற்கிறது. எழுதிய நானே நம்பவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதினேன்.

ஆபீஸுக்குள் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவது அங்கே வழக்கம். பத்மஜா மேனேஜரின் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வார் மாட்டிய நீல இடதையும் பச்சை வலதையும் வைத்தாள்.

சாப்பிடக் கிளம்பிய ஹரிநாராயணன் நின்றார்.

"ஆரு வச்சது இதை?"

"நம்ம புது ஜோடி சார். போட்டுப் பாருங்க."

"இன்னிக்கு வேஸ்ட் எவ்வளவு?"

"கூடையில ஒண்ணும் பெரிசா இல்ல சார்," என்றாள் பத்மஜா. "நீங்க இதை வேண்டாம்னு சொன்னாத்தான் வேஸ்ட்."

அவர் ஜெயகுமாரைப் பார்த்தார். ஜெயகுமார் அவர் காலைப் பார்த்தான். அவர் வலது காலைப் பச்சையில் நுழைத்தார். பிறகு இடது காலைத் தூக்கினார்.

5

தூக்கிய கால் அப்படியே நிற்கிறது. என்னால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. ஜெயகுமாரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நீங்களே வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பாவம், ஹரிநாராயணன் சாரால் ஒற்றைக் காலில் ரொம்ப நேரம் நிற்க முடியாது.